தேவதாருவுக்கு உடம்பு சரியில்லை

வீப்கெ தம்மன் அலெக்சாந்திரியாவுக்கு வேலைக்கு வந்ததற்கு, அவள் யாரிடமும் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. கிறிஸ்துமஸிடமிருந்து தப்ப வேண்டும். ஜெர்மனியில், அம்மா வீட்டில், வருடா வருடம் அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேரும் வாத்துக் கறிக்கு நடுவே பழைய சண்டையைப் புதுப்பிப்பார்கள். ஒருவன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போவான். அம்மா அழுவாள். பாத்திரமெல்லாம் வீப்கெ தலையில் விழும். எகிப்துக்குப் போய்விட்டால் டிசம்பர் வெறும் டிசம்பராக இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

வெளிநாட்டில் இருக்கும் ஜெர்மன் பள்ளி ஜெர்மனியைவிட நாலு மடங்கு ஜெர்மனியாக இருக்கும் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. நவம்பர் பிறந்ததுமே காகித நட்சத்திரம், மெழுகுவர்த்தி வளையம், பாட்டு ஒத்திகை என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஜலதோஷம் என்று சொல்லித் தப்ப முயன்ற கணக்கு ஆசிரியருக்கு மேய்ப்பன் வேஷம் கொடுத்தார்கள். மேய்ப்பன் தும்மினால் பரவாயில்லையாம்.

அந்த வருடம் ஜெர்மனியிலிருந்து யாரோ நல்லவர்கள் பள்ளிக்கு உண்மையான தேவதாரு மரம் ஒன்றைக் கப்பலில் அனுப்பிவைத்தார்கள். கூட வந்த இஞ்சி ரொட்டிப் பெட்டிகளைத் துறைமுகத்தில் உடனே விட்டுவிட்டார்கள். மரம் மாட்டிக்கொண்டது.

"நீங்க உயிரியல் டீச்சர்தானே? மரம் உங்க பாடம். போய் கூட்டிட்டு வாங்க," என்று தலைமையாசிரியர் குவாஸ்ட் கையைக் கழுவிக்கொண்டார்.

துணைக்கு அரபி ஆசிரியை இனாஸ் வந்தாள். வீப்கெயைவிடப் பத்து வயது மூத்தவள். வாய் அதைவிட மூத்தது. பெருமழையில் முழங்கால் தண்ணீரில் காரை ஓட்டிக்கொண்டே, "அங்க வந்து நீ வாயே தொறக்காத கண்ணு. நான் பேசிக்கிறேன்," என்றாள்.

துறைமுக அதிகாரி வக்தி எகிப்தின் பழைய காப்டிக் சபைக் கிறிஸ்தவர். மேசையில் மாதா படம். விஷயத்தைக் கேட்டுவிட்டு நிதானமாகத் தேநீர் வரவழைத்தார்.

"இதுக்கு ஏன் இப்படி மழையில ஓடி வரீங்க? பண்டிகை ஜனவரியிலதானே?"

"உங்களுக்கு ஜனவரி. இவங்களுக்கு டிசம்பர்லயே பொறந்துடறாரு," என்றாள் இனாஸ்.

"எதுலயும் அவசரம்தான் இவங்களுக்கு." வக்தி சிரித்துவிட்டு வீப்கெ பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு கேள்விதான் மிஸ். உயிரோட இருக்கற செடின்னா நோய் இருக்கான்னு தனியா வச்சுப் பாக்கணும். செத்துப்போச்சுன்னா வெறும் கட்டை, இப்பவே கொண்டு போகலாம். நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. இருக்காளா, போயிட்டாளா?"

அரபியில் மரம் பெண்பால். இனாஸ் மேசைக்கடியில் வீப்கெயின் காலை மிதித்தாள். ஆனால் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த நாக்கு வீப்கெயுடையது. வெட்டிய மரம் உடனே சாவதில்லை, இலைகள் இன்னும் மூச்சுவிடுகின்றன, தண்டு நீர் உறிஞ்சும் என்று தனக்குத் தெரிந்த அரபியில் படம் போட்டே விளக்கினாள்.

"பாவம், உயிர் இருக்கு!" என்று நெஞ்சில் கை வைத்த வக்தி, மரத்தைத் தனிக் கொட்டகைக்கு அனுப்பும்படி எழுதினார்.

வெளியே வந்ததும் இனாஸ் குடையை உதறினாள். "செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் கார் மேல கட்டியிருப்போம். மூச்சு விடுதாம் மூச்சு! உன் படிப்பைக் கொண்டுபோய் கடல்ல போடு."

அதோடு போகவில்லை. கண்காணிப்பில் இருக்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது உரியவர் பொறுப்பாம். ஆகவே வீப்கெ பள்ளி விட்டதும் தினமும் டிராம் ஏறித் துறைமுகத்துக்குப் போய், வேரில்லாத மரத்துக்கு வாளியில் தண்ணீர் வைத்தாள். மரம் நின்றது ஹாலந்திலிருந்து வந்த விதை உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே. பயிர் மருத்துவர் ஹுசாம் தினமும் பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்தார். அவருடைய கோப்பில் 'ஜெர்மன் நாட்டைச் சேர்ந்தவள்' என்றும், 'பாதுகாவலர்: ஆசிரியை வீப்கெ' என்றும் எழுதியிருந்தது.

"இன்னிக்கு எப்படி இருக்கா டாக்டர்?" என்று வாசலிலேயே வக்தி கேட்பார்.

"கொஞ்சம் சோர்வு. புது ஊரு, தண்ணி ஒத்துக்கல. சரியாயிடும்."

சுமை தூக்குகிறவர்களும் எட்டிப் பார்த்து நலம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் கண்ணேறு படாமலிருக்கக் கிளையில் நீல மணி கட்டினார். ஒத்திகைக்கு வரமுடியாததற்கு நல்ல சாக்குக் கிடைத்தது என்று வீப்கெயும் உள்ளுக்குள் மகிழ்ந்தாள்.

விழா நெருங்கியதும் குவாஸ்ட் பொறுமை இழந்தார். "நாளைக்கே போய் அது செத்துடுச்சுன்னு சொல்லுங்க. பெத்தவங்க எல்லாம் வர்றாங்க. வெறும் மேடையைச் சுத்தியா பாடறது?"

வீப்கெ போனாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, மரம் இறந்துவிட்டது என்றாள்.

வக்தி எழுந்து நின்றார். மற்ற குமாஸ்தாக்களும் எழுந்தார்கள். "மிச்ச ஆயுசு உங்களுக்கு இருக்கட்டும் மிஸ்," என்று ஒவ்வொருவராக வந்து துக்கம் சொன்னார்கள். யாரோ துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காப்பி கொண்டு வந்து வைத்தார்கள். வீப்கெக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு காகிதக் கைக்குட்டையை நீட்டினார்கள்.

அந்த நேரத்தில் ஹுசாம் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யாரு சொன்னா செத்துட்டான்னு? காலையில கூட பாத்தேனே!"

எல்லோரும் கொட்டகைக்கு ஓடினார்கள். ஹுசாம் ஒரு ஊசியிலையை ஒடித்து முகர்ந்து காட்டினார். தண்டில் பிசின் வழிந்துகொண்டிருந்தது.

"பாருங்க, பச்சை! வாளியில தண்ணி குறைஞ்சிருக்கு. குடிக்கறா மிஸ்! நீங்கதானே மூச்சு விடுதுன்னு சொன்னீங்க? அதுக்குள்ள கைவிட்டுட்டீங்களே!"

"இல்ல டாக்டர்... வேர் இல்ல. வேர் இல்லாதது எப்படி பிழைக்கும்? செத்த மாதிரிதான்."

"காலில்லாதவன் செத்தவனா? பெரிய படிப்பு படிச்சு இப்படிப் பேசலாமா?"

சுமை தூக்குகிறவர்கள் அவளைக் குற்றம் சாட்டும் கண்களோடு பார்த்தார்கள். பெற்ற பிள்ளையை உயிரோடு புதைக்க வந்தவளைப் பார்ப்பது போல. தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தவறாமல் திரும்பி வந்து தன் மேலேயே விழுவதை வீப்கெ கண்டாள். உயிரியலில் இதற்கு மறுப்பே கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு வாளியை எடுத்துத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

வழி கண்டுபிடித்தவள் இனாஸ். மறுநாள் வக்தியின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"நோயாளியை வெளிய விடமாட்டீங்க, சரி. பாக்க வர்றவங்களைத் தடுக்க சட்டம் இருக்கா?"

வக்தி சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "இல்லையே. நோயாளியைப் பாக்க வர்றது புண்ணியமாச்சே."

அப்படித்தான் பள்ளிப் பேருந்துகள் துறைமுகத்துக்குள் நுழைந்தன. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று பெற்றோர் ஆரஞ்சுப் பழமும் பழரசமும் கொண்டு வந்து மரத்தடியில் வைத்தார்கள். வெளியே கடல் கொந்தளித்தது. கொட்டகைத் தகரத்தில் மழை அறைந்தது. குவாஸ்ட் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, நாற்காலி இல்லாத குறையால் விதை உருளைக்கிழங்கு மூட்டைகள் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த சபையைப் பார்த்து, "மதிப்பிற்குரிய விருந்தினர்களே," என்று தொடங்கினார். மேய்ப்பன் தும்மினான். ஹுசாம் உடனே எழுந்து, "தள்ளி நில்லுங்க, அவளுக்குத் தொத்திக்கப்போகுது," என்று கணக்கு ஆசிரியரை மூலைக்கு அனுப்பினார்.

தீப்பற்றும் பயத்தில் மெழுகுவர்த்தி கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் கைபேசி வெளிச்சத்தில் பாடினார்கள். மழைக்கு ஒதுங்கிய லாரி ஓட்டுநர்கள் பின்னால் நின்று தாளம் போட்டார்கள். இரண்டாவது பாட்டில் வக்தி வெளிப்படையாக அழுதார். ஜனவரிப் பண்டிகைக்கு முந்திய விரதத்தில் இருந்ததால் முட்டை சேர்ந்த இஞ்சி ரொட்டியைத் தொடாமல், கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்றாவது பாட்டு முடியும்போதுதான் தன் தொண்டை கட்டியிருப்பதை வீப்கெ கவனித்தாள். எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடியவள் அவள்தான்.

"பாட்டு வராதுன்னு சொன்னியே?" என்றாள் இனாஸ்.

"பாட ஆசை இல்லன்னுதான் சொன்னேன்."

பார்வையாளர் நேரம் முடிந்தது என்று காவலாளி மணியடித்ததும் பிள்ளைகள் மரத்துக்குக் கையசைத்துவிட்டுப் பேருந்து ஏறினார்கள்.

ஜனவரியில் கெய்ரோவிலிருந்து முடிவு வந்தது. இந்த நாட்டில் தங்க அனுமதியில்லை, வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். வீப்கெ பாதுகாவலர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டாள். ஹுசாம் பயணத்துக்காக அடித்தண்டில் ஈரச்சாக்கைச் சுற்றிக் கட்டினார். இலைகள் பாதி கொட்டியிருந்தன. அவற்றைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

பாரந்தூக்கி மரத்தை அந்தரத்தில் தூக்கியபோது காற்றில் அது மெல்லச் சுழன்றது. கரையில் நின்ற ஒரு மாலுமி, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த வீப்கெயிடம் கேட்டான்: "கப்பல்ல சொந்தக்காரங்க யாராவது போறாங்களா?"

வக்தி முந்திக்கொண்டார். "ஆமாப்பா, இவங்க பொண்ணு. இங்க ஒத்துக்கல."

"ஆண்டவன் குணமாக்குவான்," என்றான் மாலுமி.

"நன்றி," என்றாள் வீப்கெ. கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டும் வரை வீப்கெ, வக்தி, இனாஸ் மூவரும் நின்றார்கள். பிறகு இனாஸ், "குளிருது, பசிக்குது," என்றாள். சந்து முனைக் கடையில் மிளகாய் போட்டு வதக்கிய ஈரலை ரொட்டியில் திணித்துக் கொடுத்தார்கள். காசு கொடுக்கப் போன வீப்கெயின் கையைத் தட்டிவிட்டு வக்தி சொன்னார்:

"பிரிவுல இருக்கறவங்க கையால இன்னிக்கு செலவு பண்ணக்கூடாது மிஸ். சாப்பிடுங்க."