கேப்டன் சாரும் என் கடைவாய்ப் பல்லும்

என் வீட்டுக்காரர் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர். தண்ணீரைக் குளியலறையில் மட்டும் பார்த்த மனிதர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய மோட்டார் படகும் வெள்ளைத் தொப்பியும் வாங்கிக்கொண்டு, ஆற்றோடு கடல் வரைக்கும் போகிறோம் என்று அறிவித்தார். அந்தப் 'போகிறோ'மில் நானும் சேர்த்தி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வழியில் ஒரு சின்ன ஊரில் நாங்கள் நிறுத்தியது டீசலுக்காக, என் பல்லுக்காக இல்லை. கடைவாய்ப் பல் உயிரை எடுத்தது. கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. இந்த ஊரை விட்டால் ஆறு கடலில் சேரும் வரை பல் டாக்டரே கிடையாது.

"உப்புத் தண்ணி கொப்புளிச்சியா?" என்றார், வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கிளம்புனதுலேர்ந்து அதைத்தாங்க செய்யறேன்."

"அப்ப சரியாயிடும்."

அடேயப்பா, என்ன ஒரு வைத்தியர்!

டீசல் போடுகிறவர் வேறு அவரை ஏற்றி விட்டார். "கேப்டன் சார், இந்தப் படகுத்துறையில இவ்ளோ அழகா யாரும் படகை ஒதுக்கினதே இல்ல" என்றார். எங்கள் படகு துறைச் சுவரை உரசி, பெயின்ட் உரிந்து, அப்போதுதான் நின்றிருந்தது. இவர் நெஞ்சு விரிந்து, சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது. நல்ல ஜோடி. நான் கைப்பையை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தேன்.

துறையிலிருந்து ஒரே தெரு. சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் பல் டாக்டர், ஒரு நடுத்தர வயதுப் பெண். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. நாற்காலியைச் சாய்த்து வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இவ்ளோ நாள் எப்படிம்மா பொறுத்தீங்க?"

"படகுல இருந்தோம்."

"படகுல இருந்தா வலிக்காதா?"

மரத்துப்போக ஊசி போட்டாள். வாய் மரத்த நேரத்தில் துறையிலிருந்து ஹார்ன் இரண்டு முறை அலறியது. இரண்டு முறை அடித்தால் நான் ஓடி வரவேண்டும், அதுதான் எங்கள் படகின் சட்டம். போன ஊர்களில் பாதிக் குளியலிலும் பாதிச் சாப்பாட்டிலும் எழுந்து ஓடியிருக்கிறேன். இப்போதும் வெட்கமில்லாமல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். டாக்டர் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"யாரு அது?"

"என் வீட்டுக்காரர்."

"நான் பல்லைப் பிடுங்கவா, அந்த ஹார்னைப் பிடுங்கவா?"

ஹார்ன் நிற்கவில்லை. தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. மானம் போனது போக, பல்லும் ஒருவழியாக வந்தது. பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

எங்கள் படகு கிளம்புகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். கேப்டன் முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஆற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் துறைக் கம்பத்திலிருந்து கயிற்றை அவிழ்த்துப் பின்தட்டில் எறிந்துவிட்டு, பின்னாலேயே குதிக்க வேண்டும். கயிறு விழும் சத்தம் கேட்டதும் அவர் வேகம் கூட்டுவார். முழங்கால் வலிக்காரி நான் குதித்தேனா, ஆற்றில் விழுந்தேனா என்று ஒருநாளும் திரும்பியதில்லை.

அன்றும் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பல்லுக்கு இவ்ளோ நேரமா? ஊரையே பிடுங்கியிருக்கலாம். அவுத்து விடு, வெளிச்சம் போயிடும்" என்று முன்கண்ணாடியிடம் சொன்னார்.

கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வலிக்கிறதா என்று கேட்க வேண்டாம். திரும்பி இந்த வீங்கிய மூஞ்சியை ஒரு தடவை பார்த்தால் போதும். பார்த்திருந்தால் குதித்திருப்பேன், சத்தியமாக. அவ்வளவு மானங்கெட்டவள்தான் நான். மனிதர் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

கயிற்றை எறிந்தேன். அது தொப்பென்று பின்தட்டில் விழுந்தது. என்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது. நான் துறையிலேயே நின்றேன்.

டீசல்காரர் பதறிப் போனார். "ஐயோ, அம்மா இங்க நிக்கறாங்க! கேப்டன் சார்! சார்!" என்று கையை ஆட்டியபடி கரையோரம் ஓடினார். கேப்டன் சார் முன்னால் பார்த்தபடியே தொப்பியைக் கழற்றி உயர்த்தினார். ஊரே வழியனுப்புகிறதாம்! படகு வளைவைத் தாண்டி மறைந்தது.

துறைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எரிச்சலில் எனக்கு அழுகைகூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கைப்பையில் ஃபோன் அடித்தது. என்ஜின் சத்தத்தில் கத்த முடியாதென்று, படகின் கீழறையில் இருக்கும் எனக்கு எப்போதும் ஃபோன் போட்டுத்தான் வேலை சொல்வார்.

"என் மூக்குக்கண்ணாடிய எங்க வச்ச? அதுக்குள்ள படுத்துட்டியா? எழுந்து தேடிக் குடு. அப்படியே ஒரு டீயும் போட்டுக் கொண்டா."

ரத்தம் ஊறிய பஞ்சை வாயிலிருந்து எடுத்தேன்.

"திரும்பிப் பாருங்க" என்றேன்.