மோட்டார் இல்லாத தொட்டி

ஒரு காலத்தில் ராஜாக்கள் கொலுவிருந்த மலையூர் அது. ஒரு தெருவின் வாசல்படி அடுத்த தெருவின் கூரைக்குச் சமம். அரண்மனை வாசலில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்றவருக்கு ஊரார் வைத்த பெயர் ரீல் மாமா. கோட்டைச் சுவரில் கத்தினால் எதிரொலி மறுநாள்தான் வரும் என்று கூசாமல் அளப்பார்.

அன்று மட்டும் வாயைக் கட்டும்படி மனைவி சத்தியம் வாங்கியிருந்தாள். மகனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கும் மனிதர் சமவெளியிலிருந்து வீடு பார்க்க வந்திருந்தார். மோட்டார் பம்பு வியாபாரி.

காபியை வைத்துவிட்டு அவர் கேட்டார். "தண்ணிக்கு என்ன வழி? என் பொண்ணு மலையில குடம் தூக்கணுமோ?"

"மோட்டாரே இல்லைங்க," என்றார் ரீல் மாமா. "முன்னூறு வருஷத்துக்கு முன்னால ராஜா போட்ட மண்குழாய். எதிர்மலை ஊத்துல இருந்து பள்ளத்துல இறங்கி, தானா நம்ம தொட்டிக்கு ஏறி வருது."

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். வியாபாரியின் முகம் சுருங்கியது. "என்கிட்டயே கதை விடுறீங்களே."

வாழ்நாளில் ரீல் மாமா சொன்ன ஒரே உண்மை சம்பந்தத்தையே முறிக்கப் பார்த்தது. அவர் வியாபாரியைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். சுவரில் பதித்த கல் குழாயின் வாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் தொடை தடிமனுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. வியாபாரி தொட்டியைச் சுற்றினார். வெள்ளை வேட்டியோடு குப்புறப் படுத்து, ஒளித்துவைத்த மோட்டாரின் சத்தம் கேட்கிறதா என்று தரையில் காது வைத்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய் பியூஸ் கட்டையைப் பிடுங்கினார்.

மின்விசிறி நின்றது. தண்ணீர் நிற்கவில்லை.

"அந்த ஊத்து இந்தத் தொட்டிய விட ஒரு பனைமரம் உசரத்துல இருக்கு. அதான் தள்ளுது," என்றார் ரீல் மாமா. "பனைமரம் நிஜம். நானே அளந்தேன்."

வியாபாரி கட்டையும் கையுமாகத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். வெகுநேரம் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டிருந்தார்.

"முன்னூறு வருஷமா ரிப்பேர் இல்லையா?"

"அரண்மனைக்குக் கிளை போன இடத்துல ஒரு தடவை ஒட்டு போட்டிருக்கு."

"என்ன மூளைய்யா அவனுங்களுக்கு." அவர் எழுந்து ரீல் மாமாவின் கையைப் பிடித்தார். "என் பொண்ணு இந்த வீட்டுக்குத்தான். ஆனா ஒண்ணு, சம்பந்தி. கல்யாணத்துக்கு எங்க ஊருக்கு வரப்போ இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அப்புறம் நான் கடையில ஈ ஓட்டணும்."

"நீங்க கவலைப்படாதீங்க, அண்ணா," என்றாள் மனைவி, பியூஸ் கட்டையை அவரிடமிருந்து வாங்கியபடி. "இவர் சொன்னா யார் நம்பப் போறாங்க?"