வெள்ளை ரோஜாவில் டீக் கறை

எங்கள் சலவைக் கடைச் சுவரில் வெள்ளை ரோஜாப் படம் ஒன்று மாட்ட வேண்டும் என்றார் முதலாளி. நான் அங்கே இஸ்திரி போடுகிறவன். என் அறையில் கூட இருப்பவன் பூ மட்டுமே வரைவான். அதனால் அவனுக்குப் பூக்காரன் என்றே பேர். ஒன்பது வருடமாக வரைகிறான். ஒரு படம்கூட எங்கள் அறையைத் தாண்டி வேறு சுவரைப் பார்த்ததில்லை. நான் கேட்டதும் துள்ளிக் குதித்தான்.

வெள்ளை விரிப்பு, கண்ணாடிக் குவளை, ஐந்து ரோஜா. மூன்றாம் நாள் படத்தோடு வந்தான்.

முதலாளி சட்டைக் காலரைப் பார்ப்பதுபோல் ஒவ்வோர் இதழாகப் பார்த்தார்.

"இது டீ. இது இரும்புத் துரு. இங்க பேனா மை. இந்த ஓரத்துல இஸ்திரி சூடு ஜாஸ்தி." என்னை முறைத்தார்.

"நான் தொடவே இல்ல முதலாளி!"

"அதெல்லாம் நிழல்ண்ணே," என்றான் பூக்காரன். "வெள்ளை சும்மா இருக்காது. பக்கத்துல இருக்கற நிறத்தையெல்லாம் இழுத்து ஒட்டிக்கும்."

"ஒட்டிக்கிட்டத எடுக்கறதுதான்யா என் தொழிலே! இத மாட்டினா எவன் என்னை நம்பித் துணி போடுவான்? போய் வெளுத்துக் கொண்டா."

அன்று அவன் சாப்பிடவில்லை. மறுநாள் உதட்டைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றின் மேலும் வெள்ளை பூசிக் கொண்டுவந்தான்.

முதலாளி கிட்டே போனார், தள்ளி நின்றார்.

"பூ எங்க?"

"உள்ள இருக்குண்ணே."

"பெட்ஷீட்டு மாதிரியில்ல இருக்கு!"

பூக்காரன் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். முதலாளி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கோவத்தப் பாரு. கலர் பெட்டியத் தொறய்யா. இந்த மடிப்புல கொஞ்சம் டீ வை. அவ்வளவு ஸ்ட்ராங்கு வேணாம், பால் ஊத்துன டீ. அடியில மை. புது மை இல்ல, ரெண்டு தடவ துவைச்ச மை."

அவன் வைக்க வைக்க, ஒவ்வொரு ரோஜாவாக எழுந்து வந்தது.

"இஸ்திரி சூடு எங்கடா இருந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

"வலது ஓரம் முதலாளி," என்றேன். எனக்குத் தெரியாதா?

படம் கல்லாவுக்கு மேலே ஏறியது. யாராவது அதில் கறை என்றால் முதலாளிக்குப் பொல்லாத கோபம் வருகிறது. "கறையா? நிழலும்மா அது!"

பூக்காரன், நேற்று நாங்கள் வெளுத்துக் கொடுத்த சட்டையையே இன்றைக்கும் துவைக்கக் கொண்டு வந்து நிற்கிறான்.

"இதுல எங்கய்யா அழுக்கு?" என்கிறார் முதலாளி.

"நல்லாப் பாருங்கண்ணே, இருக்கும்," என்கிறான், சுவரை விட்டுக் கண் எடுக்காமல்.