வெயிட்டிங் லிஸ்ட் பதினான்கு

ஜெயராணி மிஸ் மேஜைமேல் விரலால் ஒரு கோடு இழுத்து, "இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் தொண்ணூத்தொன்பது. ப்ரியங்கா இங்க இருக்கா" என்று கோட்டின் ஆரம்பத்தை ஒட்டித் தொட்டுக் காட்டினார். மகள் முன்னணியில் வந்துவிட்டாள் என்று நாங்கள் எங்கள் டெலானிபூர் குவார்ட்டர்ஸ் முழுக்க லட்டு கொடுத்து முடித்திருந்தோம்.

"நூறு பிள்ளைங்கள வரிசையா நிறுத்தினா பதினாலு பேருதான் இவளுக்குப் பின்னாடி. மத்தவங்கெல்லாம் முன்னாடி. பெர்சென்டைல் பதினாலுன்னா பதினாலாவது இடம் இல்லைங்க."

"அப்ப ரிப்போர்ட்ல ஸ்டேனைன் மூணுன்னு போட்டிருக்கே?" என்றேன்.

"மொத்தம் ஒன்பது படி. ஒண்ணுன்னா ஆகக் கீழ்ப்படி. இவ கீழருந்து மூணாவதுல நிக்கிறா. பயப்பட ஒண்ணுமில்ல, ஒரு நாள் டெஸ்ட்தானே. வீட்ல கணக்கு மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க."

என் வீட்டில் கணக்குப் பார்த்த லட்சணத்தை அவரிடம் எப்படிச் சொல்வேன்? என் வீட்டுக்காரர் ஜெகநாதனுக்குக் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை. அவருக்கு உலகமே ஒரு வெயிட்டிங் லிஸ்ட். இந்தத் தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நம்பர் சின்னதாக இருந்தால் கப்பலேறி மெயின்லேண்ட் போகலாம், பெரிதாக இருந்தால் பெட்டியைப் பிரித்துத் துணியை மறுபடி பீரோவில் அடுக்கலாம். நாலாம் வகுப்பு அகில இந்தியத் தேர்வின் ரிப்போர்ட் வந்தபோது அதில் மார்க் என்று ஒன்றுமே இல்லை. பெர்சென்டைல் 14, ஸ்டேனைன் 3, அவ்வளவுதான். மனிதர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அரே, நாடு பூரா எழுதின பரீட்சையில பதினாலா? பக்கா கன்ஃபர்ம்" என்றார். பி.காம். படித்த நானும் தலையாட்டினேன். என்னை எதால் அடிப்பது?

அதோடு விட்டாரா? எதிர்வீட்டு பானுமதியின் மகன் கௌதமும் ப்ரியங்காவின் வகுப்புதான். அவனுக்கு எண்பத்தாறு. இவர் வலியப் போய் ஆறுதல் சொன்னார். "எண்பத்தாறெல்லாம் இந்தக் கப்பல்ல ஏறாதும்மா. கோயி பாத் நஹி, பரவால்ல, அடுத்ததுல பாத்துக்கலாம்." பானுமதி அழுதாள். பையன் முதுகில் ரெண்டு வைத்தாள், கிரிக்கெட் பேட்டைப் பீரோமேல் தூக்கிப் போட்டாள். "ப்ரியங்காவ சாயங்காலம் அனுப்புங்கக்கா, இவனுக்குக் கொஞ்சம் கணக்கு சொல்லிக் குடுக்கட்டும்" என்று என்னிடம் கெஞ்சினாள்.

அன்றிலிருந்து என் மகள் ஸ்கேலும் கையுமாக எதிர்வீட்டுக்குப் போகிறாள். அதுவரை அவளை யாரும் எதற்கும் மெச்சியதில்லை. ஆண்டு விழா நாடகத்தில்கூட மரமாகத்தான் நின்றாள். இப்போது நடையே வேறு. தப்பாகச் சொல்லிக் கொடுத்தால் கௌதம் மெதுவாகத் திருத்துவானாம். "அதத்தானே நானும் சொன்னேன்" என்பாளாம் இவள். பாவம், சந்தோஷமாக இருந்தாள். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்?

மிஸ்ஸைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மனிதர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கு பானுமதி ஸ்கூலுக்குப் போறா. மிஸ் சொல்லித் தெரிஞ்சா நம்ம மூஞ்சில முழிப்பாளா? நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றேன்.

"ப்ரியங்கா அங்கதானே இருக்கா. அவ முன்னாடியா?"

"லட்டு அவ முன்னாடிதானே குடுத்தீங்க?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். கௌதம் கைகட்டி நிற்க, ப்ரியங்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இவர் கவுண்டரில் பேசுகிற அதே குரலில், "லிஸ்ட்டத் தலைகீழாப் படிச்சிட்டேன் பானுமதி. பெருசா இருந்தாத்தான் நல்லதாம். கௌதம் ரொம்ப நல்லா எழுதியிருக்கான். தப்பு என்னோடது" என்றார்.

"அப்ப நான் இவன அடிச்சது?" என்றாள் பானுமதி. அவளே ஸ்டூல் போட்டு ஏறி, பேட்டை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்து மகன் கையில் கொடுத்தாள்.

"அப்ப நான் எங்கப்பா இருக்கேன்?" என்றாள் ப்ரியங்கா.

கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து தினமும் ஊருக்கே பெர்த் இல்லை என்று சொல்கிற மனிதர், மகள் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்.

"கொஞ்சம் பின்னாடி இருக்க கண்ணு" என்றேன் நான்.

அழப்போகிறாள் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவளோ ஸ்கேலால் மேஜையைத் தட்டி, "யார் எங்க இருந்தா என்ன? டியூஷன் இன்னும் முடியல. எட்டாம் வாய்ப்பாடு. எய்ட் செவன்ஸ் ஆர்?" என்று கௌதமைக் கேட்டாள்.

கீழே மைதானத்தில் பையன்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கௌதம் ஜன்னலைப் பார்த்தான், கையிலிருந்த பேட்டைப் பார்த்தான், பிறகு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபடியும் கையைக் கட்டினான்.

"நீங்க சொல்லுங்க மிஸ்" என்றான்.

அந்த அறையில் அவளைத் தவிர எல்லோருக்கும் விடை தெரியும். ப்ரியங்கா ஸ்கேலை மடியில் வைத்துவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினாள்.