எருமைத்தலையனும் இரண்டு மெழுகுவர்த்தியும்

பர்னபாஸின் ஸ்கூட்டரைக் காப்பாற்ற வேண்டிய வயரை எலி கடித்துப் போட்டிருந்தது. கடித்தது சனிக்கிழமை ராத்திரி. அவர் அதைக் கண்டுபிடித்தது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பூசை கண்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிற்பாடு. மருமகன் ஜெனிஸ்டன் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தூத்துக்குடியிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தான். ஆக, மிச்சமிருந்தது மூன்று மணி நேரம்.

எலிக்கும் ஸ்கூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்பதை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுவதே நல்லது.

பர்னபாஸ் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். ஆகாசத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே தீப்பெட்டியளவு தெரிகிற லாரியின் முதுகில் இருபது டன் பெட்டியை, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கி வைப்பார். ஓய்வு பெற்று, திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் வீடு வாங்கிக் குடிவந்த நாலாம் வருஷம் அந்த வலது கை லேசாக ஆட ஆரம்பித்தது. காப்பி டம்ளரைத் தூக்கினால் டவராவில் ஜலதரங்கம் கேட்டது. டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை, வயசாகிவிட்டது, வண்டி ஓட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று விஷயம் சொன்னார். பர்னபாஸ் முதலாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

போன நவம்பரில், நின்றுகொண்டிருந்த ஓர் ஆட்டோவில் போய் ஸ்கூட்டரை உரசினார். ஓடுகிற ஆட்டோ என்றாலாவது வாதாட இடம் இருந்திருக்கும். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி கிரேஸிக்கு அடி ஒன்றும் இல்லை. மடியில் இருந்த இரண்டு டஜன் முட்டைதான் போயிற்று. அன்று சாயங்காலமே மகள் ஆன்லினுக்குப் போன் போனது. மறுநாள் ஆன்லினின் புருஷன் ஜெனிஸ்டன் நேரில் வந்து, வண்டியை விற்றுவிடலாம் மாமா என்றான்.

ஜெனிஸ்டன் கப்பலில் இன்ஜினியர். கூட வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ்காரனிடம் பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, தன் வீட்டில் வைக்க ஆன்லின் விடாததால் மாமனார் வீட்டு டிவியில் மாட்டி வைத்திருந்தான். மற்ற விளையாட்டுகளைப் போல உட்கார்ந்த இடத்தில் பட்டனைத் தட்டினால் அது மசியாது. வெள்ளைக் கோல் ஒன்றைக் கையில் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். கோலை வீசினால் டிவிக்குள் இருக்கிற பையன் வாளை வீசுவான். கோலை நீட்டிக் குறிபார்த்தால் வில்லை வளைப்பான். காடு, பாழடைந்த கோயில், வாயாடி ஆமை ஒன்று, எல்லாவற்றையும் கடந்துபோனால் கடைசிக் கோட்டையில் எருமைத்தலையோடு ஓர் அரக்கன் நிற்பான். அவன் நெற்றியில் ஒற்றைக் கண். அதில் மூன்று அம்பு பாய்ந்தால்தான் சாவான். ஜெனிஸ்டனே மூன்று லீவு முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, முடியாமல் விட்டவன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு முற்றியது. என் கை ஆடவில்லை என்றார் பர்னபாஸ். நிரூபிக்கக் கையை நீட்டினார். எல்லோரும் பார்த்தார்கள். கை ஆடியது. பழைய சண்டையெல்லாம் எடுத்துப் போட்டுப் பேசி ஓய்ந்த பிறகு, மருமகன் ஒரு பந்தயத்தைக் கொண்டுவந்தான்.

"அடுத்த லீவுக்கு நான் வந்து உக்காந்திருக்கும்போது, என் கண்ணு முன்னால அந்த எருமையைச் சாச்சிருங்க மாமா. அதுக்கப்புறம் வண்டியைப் பத்தி நான் வாயே திறக்கல. முடியலன்னா சாவியைத் தந்துருங்க."

அதுவரை சாவி என் கையில் இருக்கட்டும் என்று கிரேஸி வாங்கி, பருப்பு டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

ஆறு மாதம் பர்னபாஸ் அந்தப் பெட்டிக்கு டூட்டி பார்த்தார். காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை. கிறிஸ்துமஸுக்குள் காட்டைக் கடந்தார். ஜனவரியில் கோயில். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் தொடங்கியபோது கிரேஸி, நாற்பது நாளும் டிவியைத் தொடக்கூடாது என்றாள். பேயைக் கொல்வது பாவமா, கோயிலில் மிக்கேல் சம்மனசு காலடியில் கிடப்பது யார் என்று அவர் கேட்டதில், வெள்ளிக்கிழமை மட்டும் கூடாது என்று முடிவாயிற்று. ஏப்ரலில் எருமை முன்னால் போய் நின்றார். இரண்டு அம்பு போடுவார். மூன்றாவது மட்டும் எருமையின் காதுப் பக்கமாகப் போய்விடும். ஒருமுறைகூட அது விழவில்லை.

இந்த நிலைமையில்தான் எலி தன் வேலையைக் காட்டியது. டிவிக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்குச் சென்சார் பட்டை ஒன்று உண்டு. அதன் வயர் இரண்டு துண்டாகக் கிடந்தது. அது இல்லாமல் கோலை நீட்டினால் டிவியில் குறி விழாது. குறி விழாவிட்டால் அம்பு இல்லை. ஜெனிஸ்டன் இந்தத் தடவை ரொம்பத் தெளிவாக வந்துகொண்டிருந்தான். ஒர்க்‌ஷாப் மதாரிடம் சொல்லி, நாலு மணிக்கு வண்டியை விலைக்குப் பார்க்க ஏற்பாடும் செய்துவிட்டான்.

பர்னபாஸ் நேரே பக்கத்து வீட்டுக் குமரகுருபரனைக் கூட்டி வந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். எந்தச் சாமான் ரிப்பேர் ஆனாலும் அதைச் சரிசெய்ய மாட்டார், அது ஏன் ரிப்பேர் ஆனது என்று விளக்குவார். இன்றைக்கு அந்த விளக்கமே உபயோகமாக அமைந்தது.

"பட்டைக்குள்ள ஒரு மண்ணும் கிடையாது வே," என்றார் குமரகுருபரன். "ரெண்டு மூலையிலயும் ரெண்டு வெளிச்சம். நம்ம கண்ணுக்குத் தெரியாது. உம்ம கோலு அதைப் பாத்துத்தான் தான் எங்கன நிக்கோம்னு கண்டுபிடிக்கி. நெருப்புலயும் அதே வெளிச்சம் உண்டு. டிவிக்கு அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு, ரெண்டு விளக்கு பொருத்தி வையும். போதும்."

தன் வீட்டுக் குத்துவிளக்கைத் தருகிறேன் என்று எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். எருமைக்கு விளக்கேற்றிய கதை மனைவி ஆவுடைத்தாய்க்குத் தெரிந்தால் தன்னை நடுவீட்டில் உட்கார விடமாட்டாள் என்று காரணமும் சொன்னார். அப்படியானால் மெழுகுவர்த்திதான். வீட்டில் இருந்த மெழுகுவர்த்தி இரண்டே இரண்டு. பிப்ரவரியில் சாமியார் மந்திரித்துக் கொடுத்தவை. கிரேஸி பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். அவள் பீரோவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அது புயலடிச்சா ஏத்துதது. இல்லைன்னா யாராச்சும் சாவக் கிடந்தா ஏத்துதது."

"எருமை சாவத்தானே போவுது," என்றார் பர்னபாஸ்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த குற்றத்துக்கு மெழுகுவர்த்தியைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டு டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் ஒவ்வொன்றாக நட்டார்கள். ஏற்றியதும் டிவியில் குறி விழுந்தது. விழுந்த குறி நிற்கவில்லை, குதித்தது. காற்றில் சுடர் ஆடினால் குறியும் ஆடும் என்று குமரகுருபரன் ஃபேனை நிறுத்தினார். சூரியனிடமும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஏராளம் என்று ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டார். கத்திரி வெயில் காலத்துத் திருநெல்வேலியில், மத்தியானம், மூடின அறைக்குள் ஃபேன் இல்லாமல் உட்காருவது என்றால் அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கால் மணி நேரத்தில் பௌதிகம் சட்டையைக் கழற்றியது. பர்னபாஸ் பனியனை முறுக்கிப் பிழிந்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

ஒரு மணிக்கு ஜெனிஸ்டன் வந்தான். வாசலில் செருப்பை விட்டு நிமிர்ந்தவன் அப்படியே நின்றான். இருட்டு அறை. இரண்டு மெழுகுவர்த்தி. மேல்சட்டை இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் தரையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். பிரேதம் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று அவன் கண் தேடியது.

"யாருக்கு என்ன அத்தை?" என்றான், குரல் இறங்கி.

"எருமைக்கு," என்றாள் கிரேஸி. "உள்ள வாங்க மாப்ள. கதவைச் சாத்துங்க, காத்து வருது."

விவரம் தெரிந்ததும் ஜெனிஸ்டன் நியாயமாகவே பேசினான். மெழுகுவர்த்தியை வைத்து யாராலும் குறிபார்க்க முடியாது, வேறு வயர் வரட்டும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றான். அப்படியானால் மதாரை வரவேண்டாம் என்று சொல்லிவிடு என்றார் பர்னபாஸ். அவன், அது வேற இது வேற மாமா என்று இழுத்தான். பர்னபாஸ் கோலை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

வாள் சண்டை வரைக்கும் குறையில்லை. எருமையின் இரண்டு கொம்பையும் வெட்டிச் சாய்த்தார். கண் திறந்தது. முதல் அம்பு போய்ச் சேர்ந்தது. மறுபடி வாள், மறுபடி கண், இரண்டாவதும் சேர்ந்தது. ஜெனிஸ்டன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். அவன் வந்ததுதான் வினையாயிற்று. முதுகுக்குப் பின்னால் மருமகனின் மூச்சு கேட்டதும் பர்னபாஸின் கை, ஆறு மாதத்தில் ஆடாத ஆட்டமெல்லாம் ஆடியது. எருமையின் நெற்றிக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை என்று குறி போய்ப் போய் வந்தது. ஓர் அம்பு காதுக்கு மேலே போனது. இன்னொன்று கோட்டைச் சுவரில் குத்தியது. எருமை மிதித்ததில் பையனின் உயிர் இன்னும் ஒரு மிதிபட்டால் போய்விடும் என்கிற அளவில் வந்து நின்றது.

"மூச்சைப் பிடியும் வே," என்றார் குமரகுருபரன்.

பிடித்தார். ஆட்டம் கூடியது. இடது பக்கத்து மெழுகுவர்த்தி வெக்கையில் இடுப்பு வளைந்து சாய்ந்துகொண்டிருந்தது. அது விழுந்தால் எல்லாம் முடிந்தது. பர்னபாஸ் கோலை இறுக்கிப் பிடித்தார், பல்லைக் கடித்தார். இறுக்க இறுக்கக் கை துள்ளியது.

துள்ளுகிற குறியைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு, அது எங்கேயோ பார்த்த ஆட்டமாகப் பட்டது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கம்பியில் தொங்கும் பெட்டி இப்படித்தான் ஆடும். புதிதாக வேலைக்குச் சேருகிற பையன்கள் பெட்டி இடது பக்கம் போனால் லீவரை இடது பக்கம் தள்ளுவான்கள், வலது பக்கம் போனால் வலது பக்கம். துரத்தத் துரத்தப் பெட்டிக்கு வெறி பிடிக்கும். தெரிந்தவன் துரத்த மாட்டான். லீவரிலிருந்து கையைத் தளர்த்திவிட்டு, அது போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் மனசுக்குள் தாளம் போட்டுக்கொண்டு, லாரிக்கு நேரே வருகிற கணத்தில் இறக்கிவிடுவான்.

பர்னபாஸ் விரல்களைத் தளர்த்தினார். கையை அதன் இஷ்டத்துக்கு ஆடவிட்டார். போனது, வந்தது. போனது, வந்தது. எருமை மிதிக்கக் காலைத் தூக்கியது. அது தூக்கட்டும் என்று இருந்தார். இன்னொரு தடவை போனது. வருகிற வழியில், கண்ணைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னாலேயே அம்பை விட்டார்.

எருமை முட்டி போட்டு விழுந்தது. கோட்டை இடிந்தது. ஆமை வந்து வெகுநேரம் நன்றி சொன்னது. கிரேஸி முதல் காரியமாக மெழுகுவர்த்தி இரண்டையும் ஊதி அணைத்துவிட்டு, ஃபேனைப் போட்டாள்.

ஜெனிஸ்டன் எழுந்து வந்து மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். எத்தனையோ நாள் முயன்றும் தனக்கு மூன்றாவது விழவேயில்லை என்று மனசாரச் சொன்னான். "எப்படி மாமா போட்டிய?"

"கை ஆடத்தான் செஞ்சுது," என்றார் பர்னபாஸ், வெற்றி மயக்கத்தில். "நிறுத்தப் பாக்கல. அது நேரா வருத வரைக்கும் பைய நின்னு விட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆறு மாதமாக மறுத்த சங்கதியை அவர் வாயாலேயே, சாட்சி வைத்து ஒப்புக்கொண்டாயிற்று. குமரகுருபரன் சட்டையைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். ஜெனிஸ்டன் நல்ல பிள்ளை. காதில் விழாத மாதிரி போனை எடுத்து, வண்டி விற்கிற உத்தேசம் இல்லை என்று மதாரிடம் சொல்லி வைத்தான்.

கிரேஸி அடுக்களைக்குப் போய், பருப்பு ஒட்டியிருந்த சாவியை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஜெயிச்சாச்சுல்லா. வாங்க, ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க."

அவளே இப்படிக் கேட்பாள் என்று பர்னபாஸ் எதிர்பார்க்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். அவள் பின்னால் ஏறி, அவர் தோளில் கை வைத்தாள். தெருவுக்குள் வண்டி அழகாகப் போயிற்று. நாய்கள்கூட மரியாதையாக ஒதுங்கின. தெரு முடிந்து மெயின் ரோட்டுக்கு வந்ததும் நிறுத்தி, இடைவெளி வரட்டும் என்று காத்திருந்தார். டவுன் பஸ் போயிற்று. அதை முந்திக்கொண்டு மினி பஸ் போயிற்று. கேஸ் சிலிண்டர் கட்டிய சைக்கிள் ஒன்று எதிர்த்திசையில் வந்தது. நடுரோட்டில் ஓர் ஆட்டோ நினைத்த இடத்தில் நின்றது. பர்னபாஸ் மனசுக்குள் தாளம் போட்டுப் பார்த்தார். இந்த ரோட்டுக்குத் தாளமே கிடையாது. பிரேக்கைப் பிடித்திருந்த விரல்கள் ஆடின. அந்த ஆட்டம் தோள்வரை ஏறி, தோளில் இருந்த கிரேஸியின் கைக்குப் போயிருக்க வேண்டும். முப்பத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் ஒன்றும் சொல்லாத முதல் ஐந்து நிமிஷம் அது.

"சோறு ஆறிரும்," என்றார் அவர் கடைசியில்.

"ஆமா," என்றாள் கிரேஸி. "மாப்ளயும் பசியோட இருக்காவ."

வண்டியைத் திருப்பினார். வீட்டுக்கு வந்த பிறகும் சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மதார் அந்த வழியாக வந்தவன், அண்ணாச்சி நிஜமாகவே வண்டியைக் கொடுக்கவில்லையா என்று விசாரித்தான். பர்னபாஸ் அப்போது ஸ்கூட்டரைத் தெருமுனைத் தையல்கடை வாசலில் ஸ்டாண்டு போட்டுவிட்டு, பையோடு கிரேஸி வந்ததும் நடந்தே ரோட்டைக் கடக்கலாம் என்று பார்த்து நின்றார்.

"எதுக்குக் குடுக்கணும்? வண்டி அருமையா ஓடுதுல்லா," என்றார்.

"எதுவரைக்கும் ஓடுது அண்ணாச்சி?"

"இதுவரைக்கும்," என்றார் பர்னபாஸ்.