வலது பக்கம் திறந்த சட்டை

1

அக்காவுக்கு இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், கோட்டுப் பட்டன் அளவுக்கு ஓர் இடம் வலிக்கும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக ஈரப் படுக்கைவிரிப்புகளை உதறி மடித்ததில் வந்த வலி. உட்கார்ந்து தைத்தால் கூடும். தைக்காமல் இருந்தால் அவளுக்குக் கோபம் வரும். அது வலியைவிட மோசம். நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்த இடத்தை என் கைமுட்டியால் அழுத்திவிட்டுக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "ரெண்டு சட்டையும் போச்சுடா."

இந்தக் கதை அங்கேதான் கிடைத்தது, அவள் முதுகில். முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால் அழுதாளா என்று எழுத முடியாது. [எழுதிப் பார்த்தேன். 'அவள் கண்ணோரத்தில் ஒரு துளி' என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். பார்க்காத துளி.]

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ஊசியின் காதுக்குள் நூல் நுழையும் அந்தக் கணத்தில் ஒரு பெண்ணின் உலகமே—"

அடித்துவிட்டேன். அக்கா நூல் கோக்கும்போது கெட்ட வார்த்தை சொல்வாள்.

அடுத்தது: "பழையதைப் புதியதாக்கும் கலை இன்று பலரையும்—"

அதுவும் போயிற்று. அக்கா வீட்டில் யாரும் அதைக் கலை என்று சொன்னதில்லை. கிழிந்ததைத் தூக்கிப் போட வேண்டுமென்றால் அடுத்தது ஒன்று இருக்க வேண்டும். ஜன்னல் திரை, கழித்துப் போட்ட படுக்கைவிரிப்பு. ஓரத்தில் சலவை எண் இன்னும் தெரியும். வாசல் கால்மிதி, மூன்று பேருடைய பேன்ட். தலையணை உறை என் பழைய சட்டை. அதில் ஒரு பட்டனைக் கழற்ற மறந்துவிட்டாள். அத்தான் கன்னத்தில் ஒரு வாரம் நாலு ஓட்டையோடு வட்டமாகத் தடம் இருந்தது. "என்னையும் சேத்துத் தைச்சிட்டா" என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அது அவர் கை நன்றாக இருந்த காலம்.

3

அத்தான் கிடங்கில் மூட்டை தூக்கியவர். எட்டு மாதத்துக்கு முன் அடுக்கு சரிந்து இடது தோளில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. இடது கை தோளிலிருந்து சும்மா தொங்குகிறது. நடக்கும்போது அங்கே இங்கே இடிக்காமலிருக்க வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார், யாருடைய குழந்தையையோ கூட்டிப் போகிற மாதிரி.

கிடங்கிலிருந்து சொல்லியனுப்பினார்கள்: வாசலில் உட்கார்ந்து லாரி எண் குறிக்கிற வேலை இருக்கிறது, ஒரு மாதம் பார்க்கலாம், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வரட்டும். இரண்டு நீலச் சட்டை கொடுத்தார்கள். பட்டன் வைத்தது. வேறு சட்டை போட்டு வரக்கூடாது.

இங்கேதான் சிக்கல். எட்டு மாதமாக அவருக்குச் சட்டை போட்டுவிடுகிறவள் அக்கா. அவளுடைய ஷிஃப்ட் காலை நாலு மணிக்கு. கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுகிறேன் என்றாள். அலங்காரம் பண்ணின பொணம் மாதிரி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கணுமா என்று கேட்டார் அத்தான். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம் என்றதற்கு, அப்படியானால் வேலையே வேண்டாம் என்றுவிட்டார்.

ஆக, அவரே ஒரு கையால் போட்டுக்கொள்ளும்படி ஒரு சட்டை வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது மற்ற சட்டைகள் மாதிரியே இருக்க வேண்டும். கதை மொத்தமும் இதுதான். [வாசகருக்கு இதற்குமேல் ஏதாவது ஆழம் தேவைப்பட்டால் மன்னிக்கவும்.]

4

அவள் போட்ட திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. காஜாவை மூடி, அதன்மேலேயே பட்டனைத் தைத்துவிடுவது. பட்டன் சும்மா பார்வைக்கு, அடியில் அமுக்கினால் ஒட்டிக்கொள்கிற வெல்க்ரோ. செயலில்லாத கையின் பக்கத்தில் மணிக்கட்டிலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை தையலைப் பிரித்து, அங்கேயும் வெல்க்ரோ. கையை உள்ளே வைத்து அமுக்கினால் மூடிக்கொள்ளும்.*

* வெல்க்ரோ, மருத்துவமனையில் கழித்துப் போட்ட இரத்த அழுத்தப் பட்டைகளிலிருந்து வந்தது. மேற்பார்வையாளரைக் கேட்டுத்தான் எடுத்தாள். எத்தனை பேருடைய அழுத்தத்தைப் பார்த்த பட்டை என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதையும் எடுத்துவிட்டேன்.

வெட்டுவதற்கு முன்னால் பழைய சட்டை ஒன்றில் ஒத்திகை பார்த்தாள். போன ஞாயிற்றுக்கிழமை. நான் மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். படுக்கைவிரிப்பிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, தன் கை ஒன்றை இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மறு கையால் சட்டையைப் போட்டாள். கழற்றினாள். போட்டாள். ஏழாவது தடவை வியர்த்துப் போய், "முடியும்டா" என்றாள்.

புதன்கிழமை இரண்டு நீலச் சட்டையையும் சேர்த்தே முடித்தாள். சலவைக்கூடத்துப் பழக்கம், ஒரே மாதிரியானது எல்லாம் ஒரே கையோடு.

5

வியாழக்கிழமை நான் அங்கே இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதை ஒட்டுப்போட்டு எழுதுகிறேன்.

அத்தான் சட்டையைக் கட்டிலில் விரித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். திறந்திருந்தது வலது பக்கம். நல்ல கையின் பக்கம். இடது பக்கக் கை, குழாய் மாதிரி மூடியபடி, கம்பெனிக்காரன் தைத்தது தைத்தபடி இருந்தது.

"இது உன் கைக்குத் தைச்சதும்மா" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் எதிரில் போய் நின்று, தினமும் பட்டன் போடுகிற மாதிரி கையைத் தூக்கினாள். அப்புறம் புரிந்தது.

"எட்டு மாசமா உங்க எதிர்ல நின்னுதானே போட்டுவிடறேன்" என்றாள். "எனக்கு அந்தக் கை இந்தப் பக்கம்தான்."

ஞாயிற்றுக்கிழமை அவள் இடுப்போடு கட்டிக்கொண்டது தன்னுடைய வலது கையை. அவர் எதிரே நிற்கும்போது தொங்குகிற கை வருவது அவளுடைய வலது பக்கத்தில்தான். எந்தத் தையல்காரரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார். தையல்காரருக்கு அளவு காகிதத்தில் இருக்கிறது. இவளுக்கு உடம்பில் இருந்தது.

[மேலே உள்ள மூன்று வாக்கியம் எழுதியதும் எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமை வந்தது. அடுத்த பகுதி அதற்காக.]

6

ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் என்று சொல்ல வேண்டும். மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவன்.

அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். போன ஞாயிறு தேதி போட்டு என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "அக்கா வலது கையைக் கட்டிக்கொள்கிறாள். ஜன்னல் வெளிச்சம். முடிச்சைப் பல்லால் இழுக்கிறாள்."

வலது கை என்று எழுதியிருக்கிறேன். அத்தானுக்கு எந்தக் கை என்று எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் அந்தக் கட்டிலின் இடது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கத்தரி படுவதற்கு முன்பே தப்பு என் நோட்டில் எழுத்தில் இருந்தது. நான் பார்த்தது வெளிச்சத்தை.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்கா அந்தக் கை இல்லை, இந்தக்—

7

உங்களுக்கு இந்நேரம் ஒன்று தோன்றியிருக்கும்: சட்டையை உள்புறம் வெளியே திருப்பினால் திறப்பு இடது பக்கம் வந்துவிடுமே என்று. அத்தானுக்கும் தோன்றியது. மூட்டையை எந்தப் பக்கம் திருப்பினால் முதுகில் உட்காரும் என்று இருபது வருடம் யோசித்தவர்.

"தள்ளி நில்லு" என்று அக்காவிடம் சொன்னார். "கிட்ட வராத."

சட்டையைத் திருப்பி விரித்தார். இடது கையைத் தூக்கித் திறப்பில் வைத்தார். மணிக்கட்டிலிருந்து அமுக்கிக்கொண்டே வந்தார். முதுகுக்குப் பின்னால் துணியை வீசி வலது கையை நுழைத்தார். நெஞ்சில் மேலிருந்து கீழே ஒரு தடவு. நாலு நிமிஷம் ஆனது என்கிறாள் அக்கா. அத்தான் மூன்று என்கிறார்.

தையலெல்லாம் வெளியே. நூல் நுனிகள் தொங்க, பை உள்ளே, பொய்ப் பட்டன்கள் நெஞ்சில் குத்த, அத்தான் நின்றார். எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தானே போட்ட சட்டை. அக்கா எழுந்து போய் ஒரு நூல் நுனியைக் கடித்து எடுத்தாளாம்.

அப்புறம் அத்தான், "இப்படியே போனா, வாசல்ல உக்கார வைக்கமாட்டான், வாசலுக்கு வெளிய உக்கார வைப்பான்" என்றார்.

சட்டை வேலை செய்கிறது. பக்கம்தான் மாற வேண்டும்.

8

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அக்கா ஒரு சட்டையைப் பிரிக்க உட்கார்ந்தாள். களைப்பில் வெல்க்ரோவைப் பிடித்து இழுத்துவிட்டாள். ஊசித் துளை வரிசையாகத் துணி கிழிந்தது, அக்குள் வரை. அது இனிமேல் சட்டை இல்லை. அன்றைக்குத்தான் நான் போனேன், முதுகை அழுத்திவிட்டேன். மிச்சமிருந்த ஒன்றைச் சுருட்டி என் மடியில் போட்டாள்.

"நான் தொட்டா இதையும் கிழிச்சிடுவேன். நீ பிரி, ஒவ்வொரு தையலா. எழுதறவன்தானே, உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்கத் தெரியுமில்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கறேன். தைக்கறத நான் பாத்துக்கறேன்."

"மச்சான், கதை எழுதிட்டு மறந்துடாத" என்றார் அத்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நோட்டில் இருந்ததைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

9

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

(அ) திங்கட்கிழமை, ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, நீலச் சட்டை போட்ட ஒருவர் கிடங்கு வாசலில்—

(ஆ) அக்கா வந்து கேட்கிறாள். தம்பி சட்டையை நீட்டுகிறான். அவள் பிரித்துப் பார்த்துவிட்டு—

(இ) அத்தான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே போய்விடுகிறார். காவலாளி—

எதையும் முடிக்க முடியவில்லை. வழக்கமாக இப்படி நின்றால் பாத்திரங்கள் ஒத்துழைக்கவில்லை என்று எழுதித் தப்பித்துவிடுவேன். இங்கே அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. முடிவு மேஜையில் என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறது. அதன்மேல் பாதி பிளேடு.

ஞாயிற்றுக்கிழமை. முதல் பகுதியை எழுத உட்கார்ந்தபோது மணி ஒன்று. ஒரு பத்திதான், அதற்கப்புறம் பிரிக்கலாம் என்று நினைத்தேன். இப்போது ஐந்தேகால். வேண்டிய முடிவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் சட்டைக்கு அது கேட்காது.

நடுவில் பேனாவை வைத்துவிட்டு இடுப்பிலிருந்து அக்குள் வரை பிரித்துவிட்டேன். அக்காவுக்கு நான் இன்னும் தர வேண்டியது: வலது கையில் அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு வரிசைத் தையல், இடது பக்கம் முழுவதும் கம்பெனிக்காரன் தையல், நோட்டில் இருக்கிற அந்த ஒரு வரி.