கழுவக் கூடாத வளையம்

அளவுக் கயிறு லியோனின் கையில் தரப்படவில்லை, காலடியில் போடப்பட்டது. கொடிகாமத்துக்கும் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கும் இடையே ஓடும் பஸ்ஸின் முதலாளி ஆழ்வாப்பிள்ளை, ஸ்ரியறிங் வளையத்தைச் சுற்றி அளந்த கயிறு அது. சித்திரை வெயிலில் வளையம் கொதிக்கிறது, வியர்வையில் கை வழுக்குகிறது, போன கிழமை பஸ் வயலுக்குள் இறங்கப் பார்த்தது என்று றைவர் பஞ்சலிங்கம் முறையிட்டிருந்தார். ஆகவே, செருப்புத் தைக்கும் லியோனிடம் தோலுறை கேட்டு வந்தார் முதலாளி.

லியோன் அந்தப் பஸ்ஸை அறியாதவரா? தோல் வாங்கப் பட்டினம் போகும்போதெல்லாம் எல்லாரும் வாங்கும் அதே ரிக்கற்றை வாங்குவார். வாங்கிக்கொண்டு வாசலருகே கீழே குந்துவார். வாங்கு என்ற நீள இருக்கை வெறுமையாய்க் கிடந்தாலும் அவர் சாதிக்கு அது இல்லை. ஒருநாளாவது அந்த வாங்கில் முதுகு சாய்த்துப் போகவேண்டும் என்ற நெருப்பு அவர் நெஞ்சில் நெடுங்காலமாய்க் கனன்றது.

இப்போதோ வேறொரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. வளையத்தின் வெளிச்சுற்று நீளம், உட்சுற்றுக் குறைவு. ஒரே தோல் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? கயிற்றளவுக்குத் தைத்துக் கொடுத்த முதல் உறை, மாட்டியதும் உள்ளே திரைந்து, பிடித்த கைக்குள் சுழன்றது.

"உது உறையோ, கிழட்டு யானையின்ரை தும்பிக்கையோ?" என்று கேட்டுச் சிரித்தார் பஞ்சலிங்கம்.

லியோன் கோபிக்கவில்லை. பழைய சைக்கிள் சில்லின் விளிம்பில் ஈரத்தோலை இழுத்துப் போர்த்திப் பார்த்தார். ஈரத்தில் இழுபட்ட தோல், காய்ந்தபோது இறுகிப் பிடித்தது. விடை கிடைத்துவிட்டது. அந்த விடைக்கு ஒரு நிபந்தனை இருந்தது.

"நயினார், ஈரத்தோலை வளையத்திலை போட்டு, அங்கையே வைச்சுத் தைக்கவேணும். தையல் உட்பக்கம் வரும். றைவரின்ரை இடத்திலை இருந்தால்தான் தெரியும்."

"வெளியிலை நிண்டு தை."

"நிண்டால் கை எட்டும், கண் எட்டாது."

"அப்ப வளையத்தைக் கழட்டு, பஞ்சலிங்கம்."

துருவேறிய நட்டோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினார் பஞ்சலிங்கம். "இது கழண்டால் பஸ்ஸும் சேர்ந்து கழண்டிடும், முதலாளி."

ஆழ்வாப்பிள்ளை தெருவின் இருபுறமும் பார்த்தார். "ஏறு," என்றார்.

லியோன் அமர்ந்தார். ஆசனம் முனகியது, எவருடைய பாரத்துக்கும் முனகும் அதே முனகல். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு நூலின் நுனியை வாயில் நனைத்து முறுக்கி, ஒரே துளையில் இரண்டு ஊசிகளை எதிரெதிரே செலுத்தி இழுத்தார். உச்சிப் பொழுதில் கடைசி முடிச்சு விழுந்தது. உறையில் ஒரு சுருக்கமும் இல்லை.

அவர் இறங்கியதும், ஆழ்வாப்பிள்ளை செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை ஆசனத்தில் ஊற்றினார். பிறகு செம்பு வளையத்தின் பக்கம் திரும்பியது.

"அதிலை ஊத்தாதையுங்கோ நயினார். காயிறதுக்கு முந்தித் தண்ணி பட்டால் தோல் இளகிப் போம்."

செம்பு அப்படியே நின்றது.

"ஒண்டு கேக்கட்டோ?" லியோனின் குரலில் குத்தல் இல்லை, அறியும் ஆவலே இருந்தது. "நான் இருந்த இடத்தைக் கழுவிறியள். என்ரை எச்சில் பட்ட நூலை றைவர் ஐயா நாள் முழுக்கப் பிடிக்கப் போறார். அந்தக் கையாலை உங்களுக்கு வெத்திலையும் தருவார். அப்ப, தீட்டு எந்த இடத்திலை வந்து நிக்கும்?"

ஆழ்வாப்பிள்ளை செம்பைப் பார்த்தார். பஞ்சலிங்கத்தின் கையைப் பார்த்தார். செம்பை மிச்சத் தண்ணீரோடு படியோரம் வைத்தார்.

மாலையில், தோல் காய்ந்தபின், பஸ் புறப்படத் தயாரானது. பட்டினம் போகவேண்டியிருந்த லியோன் ரிக்கற்றோடு ஏறினார். வாசலைக் கடந்து முதல் வாங்கில் அமர்ந்தார்.

"லியோன், கீழை இரு," என்றார் முதலாளி படியில் நின்று.

"செம்பிலை தண்ணி மிச்சம் கிடக்குத்தானே, நயினார்? நான் பட்டினத்திலை இறங்கின பிறகு ஊத்துங்கோ."

பஞ்சலிங்கம் வளையத்தை இருகையாலும் பிடித்திருந்தார், இயந்திரத்தை முடுக்கவில்லை. "அவர் அதிலை இருக்கட்டும், முதலாளி. அந்த வாங்கு தீட்டெண்டால் இந்தத் தோலும் தீட்டு. ரெண்டுக்கும் ஒரே சட்டம் சொல்லுங்கோ. அவரை எழுப்பினால் நானும் இறங்கிறன்."

வண்டிக்குள் இருந்தவர்கள் படிப்பக்கம் திரும்பினார்கள். ஆழ்வாப்பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பின் படியிலிருந்து இறங்கினார்.

பஸ் உறுமிக் கிளம்பியது.

"சாய்ஞ்சு இருங்கோ அண்ணை, வளைவு வருது," என்றார் பஞ்சலிங்கம், திரும்பிப் பாராமலே.

லியோன் சாய்ந்தார். வாங்கின் முதுகுப்புறத்து உறையில் நாலு விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. அவர் விரல் தானாகவே அதை அளந்தது.